மூக்கை நம்பாதவர்

யோசெப் அண்ணன் மூக்கை நம்பிச் செத்தார் என்றுதான் மொன்றியலில் எங்கள் சனம் சொல்கிறது. வாயு மீட்டரை மாட்டாமல் பம்ப் அறைக்குள் இறங்கினாராம். பதினாறு வருச அனுபவம் என்ற திமிராம். நாற்றம் இல்லைத்தானே என்று உள்ளே போனாராம். கலியாண மண்டபத்தில், செத்தவீட்டில், தமிழ்க்கடையில் கீரைக்கட்டுப் பொறுக்குகிற இடத்தில்கூட இதே கதைதான். பச்சைப் பொய். எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பொய்யை அவிழ்த்துவிட்டவனே நான்தான்.

என் பெயர் சிவராசா. அவருக்குக் கீழே நாலு வருசம் வேலை செய்தேன். இப்போது அவர் பார்த்த வேலையை நான் பார்க்கிறேன். அந்த மனிதருக்கு என்று இந்த ஊரில் இருந்த ஒரே சொத்து, கவனமான ஆள் என்ற பெயர். அதையும் நான் பறித்துவிட்டேன். திருப்பிக் கொடுக்க ஒரு வசனம் போதும். அதைச் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர், நானும் மனேஜரும். மனேஜர் சொல்லமாட்டான். நான் சொன்னேனா இல்லையா என்பதைக் கடைசியில் பாருங்கள். முதலில் அவர் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள்.

நாங்கள் வேலை செய்கிற இடம் ஒரு கோழி வெட்டும் பக்டரி. லொங்குய்ய் மெற்றோவில் இறங்கி இன்னும் நாற்பது நிமிசம் பஸ்ஸில் போகவேண்டும். பெயர் வேண்டாம். கோழி வெட்டினால் இரத்தம், கொழுப்பு, இறகு, குடல் எல்லாம் தண்ணீரோடு சேர்ந்து ஓடும். அதை அப்படியே ஆற்றுக்குள் திறந்துவிட முடியாது என்பதால் பின்பக்கத்தில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. முதலில் சல்லடையில் இறகு நிற்கும். அடுத்த தொட்டியில் அடியிலிருந்து காற்றுக் குமிழி விட்டுக் கொழுப்பை மிதக்கவைத்து வழித்தெடுப்போம். அதற்கடுத்தது பக்டீரியாத் தொட்டி. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சிகள் மிச்ச அழுக்கைத் தின்னும். கடைசியில் வருகிற தண்ணீர் தெளிவாக இருந்தால்தான் வெளியே விடலாம். இந்த முழுவதையும் ஓடவைக்கிற ஆள்தான் ஒப்பரேட்டர்.

யோசெப் அண்ணன் மட்டக்களப்பில் தாண்டவன்வெளிக்காரர், வேதக்காரர். சுனாமிக்கு அடுத்த வருசம் வந்தார். முதலில் உயிர்க் கோழியைக் காலில் பிடித்துக் கொளுக்கியில் மாட்டுகிற வேலை. பின்பக்கத்துக்கு ஆள் தேவை என்றபோது ஒருத்தனும் போகவில்லை. வெள்ளைக்காரனும் போகவில்லை, யாழ்ப்பாணத்தானும் போகவில்லை. இவர் போனார். ஒப்பரேட்டர் சான்றிதழுக்குப் பிரெஞ்சில் பரீட்சை எழுதவேண்டும். நாற்பத்துமூன்று வயதில் வகுப்புக்குப் போய், இரண்டு தரம் தவறி, மூன்றாம் தரம் பாஸ் பண்ணினார். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கோழித் தண்ணீருக்கும் ஒரு பட்டமா என்று நாங்கள் சிரித்தோம். நான்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தேன்.

நாற்றம் பற்றிச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது. அது சட்டையில் மட்டும் ஏறாது, தோலிலும் ஏறும். வேலை முடிந்ததும் இரண்டு தரம் குளிப்பார், பாதித் தேசிக்காயால் கையையும் கழுத்தையும் தேய்ப்பார், வேலை உடுப்பை வில்லரேயில் இருந்த தன் வீட்டின் பின் பல்கனியில் மூடி போட்ட வாளிக்குள் வைப்பார். அப்படியும் மெற்றோவில் அவருக்குப் பக்கத்தில் இருக்கிற சீட் காலியாகவே வரும். எங்கள் சனம் இன்னும் மோசம். விருந்துகளில் அவரைக் கதவோரம், கோட்டு மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருத்துவார்கள். "யோசெப்பு வந்திட்டார், கறி பழுதாப் போச்சோ எண்டு பயந்திட்டன்" என்று ஒரு கலியாணத்தில் ஒருவர் சொன்னார். மேசையே குலுங்கிச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். பக்கத்திலிருந்த அவருடைய மனைவி யோகராணி சிரிக்கவில்லை. கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள்.

அவளைப் பற்றிப் பிழையாக நினைக்காதீர்கள். நல்ல மனிசி. கார்தெரி என்கிற பிள்ளை பராமரிப்பு நிலையம் ஒன்றில் சமைக்கிறாள். அந்த நாற்றத்தோடு பதினாறு வருசம் ஒரு கட்டிலில் படுத்தவள். சபையில் வைத்துப் புருசனை இப்படிச் சொன்னால் எந்தப் பெண்ணுக்கும் வயிறு எரியும்.

நான் அந்தப் பக்டரியில் சேர்ந்தது இரவுக் கழுவல் வேலைக்கு. வெட்டு முடிந்ததும் உள்ளே போய், சுடுதண்ணீர்க் குழாயாலும் மருந்தாலும் எல்லாவற்றையும் அடித்துக் கழுவவேண்டும். கழுவுகிறதற்கு முன் சுவரில் இருக்கிற கரண்ட் சாமான் அத்தனைக்கும், சுவிட்ச், தராசு, போன் எல்லாவற்றுக்கும், ஒட்டுப் பொலித்தீன் சுற்றுவோம். சாப்பாட்டுக் கோப்பையை மூடுகிற அதே மெல்லிய பொலித்தீன்தான். தண்ணீர் பட்டால் பழுதாகும், பழுதானால் வசவு. மூன்று வருசம் இதைச் செய்தால் கை தானாகச் சுற்றும். என் கையும் அப்படித்தான் பழகியது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் விடிய மிஞ்சிப்போன கிருமிநாசினி இரண்டு கான் இருந்தது. திருப்பிக் கொண்டுபோய் ஸ்டோரில் வைக்கப் பஞ்சிப்பட்டு, வடிகாலுக்குள் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு நாளில் பக்டீரியாத் தொட்டி செத்துப்போனது. நுரை சாம்பல் நிறமாகி, வெளியே போகிற தண்ணீர் கலங்கி, கோழி வெட்டுகிறதையே ஒரு நாள் நிறுத்தவேண்டி வந்தது. யோசெப் அண்ணன் டோர்ச்சோடு ஒவ்வொரு வடிகாலாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் என் முன்னால் நின்றார்.

"மனே, நீ என்னத்த ஊத்தினாய்? சொல்லு. அங்கால என்ட பூச்சியெல்லாம் செத்துக் கிடக்கு."

சொன்னேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காரணம் தெரியாது என்று மனேஜரிடம் சொல்லி, வசவு முழுவதையும் தான் வாங்கிக் கட்டிக்கொண்டார். வேறொரு நிலையத்திலிருந்து பவுசர் லொறியில் உயிருள்ள பூச்சிச் சேறு கொண்டுவந்து, மூன்று வாரம் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்து அந்தத் தொட்டிக்கு உயிர் கொடுத்தார். பிறகு மனேஜரிடம் போய், எனக்கு ஒரு ஆள் வேண்டும், கழுவல் பக்கத்திலிருந்து சிவராசாவைத் தா என்று கேட்டார். அப்படித்தான் நான் பகல் வேலைக்கு வந்தேன்.

இதற்கு நான் நன்றியாக இருந்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை. எனக்கு உபகாரம் செய்தவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு என் குற்றம் தெரியும் என்பதும், அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை என்பதும் எனக்கு முள்ளாகவே குத்தியது. ஏதாவது சொல்லிக் காட்டியிருந்தால் கணக்குச் சரியாகியிருக்கும். எடுபட்ட மனிசன், சொல்லவே இல்லை.

வேலை என்று வந்தால் அவர் பிடிவாதக்காரர். காலையில் வந்ததும் தொட்டியைச் சுற்றி ஒரு நடை. நுரையின் நிறம் பார்ப்பார். கண்ணாடிச் சாடியில் தொட்டித் தண்ணீரை எடுத்து மேசையில் வைத்து, அரை மணித்தியாலம் சேறு எப்படி அடியில் படிகிறது என்று பார்ப்பார். சேறு இறங்காவிட்டால் பூச்சிக்குச் சுகமில்லை என்று அர்த்தம். காற்றைக் கூட்டவேண்டுமா, சேற்றைக் குறைக்கவேண்டுமா என்று அதைப் பார்த்தே சொல்வார். கொம்பியூட்டரில் இலக்கம் வருகிறதுதானே அண்ணன் என்று நான் கேட்டால், இலக்கம் நேற்றையது, சாடி இன்றையது என்பார். அவர் பார்த்த பதினாறு வருசத்தில் கலங்கல் தண்ணீர் ஆற்றுக்குப் போனது ஒரே தரம். அதுவும் என் புண்ணியத்தில்.

எல்லாவற்றுக்கும் மேலே மீட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் பெட்டி, நெஞ்சில் கொளுவுவது. கோழித் தண்ணீர் கிடந்து புளித்தால் முட்டைக் காஸ் வரும். கொஞ்சமாக இருந்தால் கூழ்முட்டை நாறும். கூடினால் நாற்றமே தெரியாது. இன்னும் கூடினால் இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடும். மீட்டர் அதை முன்கூட்டியே பிடித்துக் கத்தும். ஒவ்வொரு காலையும் சின்னச் சிலிண்டரிலிருந்து சோதனைக் காஸ் அடித்து, கத்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொளுவுவார். கத்தினால் எந்த ராசா கூப்பிட்டாலும் இறங்கமாட்டார்.

"மூக்க நம்பாத மனே. மூக்குத்தான் முதல்ல சாகும்" என்று எனக்கு நூறு தரம் சொல்லியிருப்பார். மீட்டரின் முகத்தில் இருக்கிற சின்னத் துளையைக் காட்டி, இதுக்கும் மூச்சு வேணும், இதை அடைச்சா உன்ட மூச்சை அடைச்ச மாதிரி என்பார். இன்னொன்றும் சொல்வார். "நான் உள்ளுக்க விழுந்தா நீ இறங்கி வராத. ஆக்களக் கூப்பிடு. என்ட மனிசிக்கு ஒரு பெட்டி போதும், உன்ட மனிசியையும் பெட்டி வாங்க வைக்காத."

அந்த மீட்டரை அவர் வேலையிடத்தில் விடுவதில்லை. மற்ற ஷிப்டில் யாரோ இரவல் எடுத்துத் தொட்டிக்குள் போட்ட நாளிலிருந்து, சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், குசினியில் ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் சார்ஜ் போடுவார். சோறு ஆக்குகிற இடத்தில் இந்த நாற்றப் பெட்டியா என்று யோகராணி அக்கா பத்து வருசமாகக் கத்தினாள். அவள் கருவாடு பொரிக்க அது அலறியது என்று சனம் கதை கட்டியது. அந்தக் கதையைக் கட்டியதும் நான்தான்.

மூன்று வருசத்துக்கு முன்பு, மே மாதம். அவருடைய மகள் ஷெரோன் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு வைத்தார்கள். திங்கள் லீவு, சனிக்கிழமை மண்டபம். வெள்ளிக்கிழமை காலையில் யோகராணி அக்கா அவருக்குச் சொல்லியனுப்பியதை அவரே எனக்குச் சொன்னார். இந்த மூன்று நாளும் அந்தச் சாமான் என்ட வீட்டுக்குள்ள வரக்கூடாது, ஆக்கள் வந்து போற வீடு, பிள்ளையின்ட நாளிலயாவது எங்கள நாற வைக்காதீங்க என்றாளாம். அவள் சொல்றதும் சரிதானே மனே, என்றார். அன்று மாலை, முதன்முறையாக, மீட்டரை வேலையிடத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

சாமத்தியவீட்டுக்கு நானும் போனேன். அண்ணன் புதுக் கோட்டுப் போட்டிருந்தார். பிள்ளையின் அப்பா என்றபடியால் அன்றைக்கு மட்டும் கதவோரம் இருத்த ஏலாது. நடுமேடையில் நின்று படம் எடுத்தார். அவ்வளவு சந்தோசமாக நான் அவரைப் பார்த்ததில்லை. அந்தப் படம்தான் பிறகு பெட்டிக்கு மேலே வைத்த படம்.

செவ்வாய்க்கிழமை காலை வந்தார். மீட்டருக்குச் சோதனைக் காஸ் அடித்தார், நன்றாகக் கத்தியது. ஆனால் மூன்று நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்ததால் பற்றரி அடியில் நின்றது. வீட்டுச் சார்ஜர் வீட்டில். சேறு பிழிகிற மெசினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பழைய சார்ஜர் இருந்தது. அதில் கொளுவிவிட்டுத் தன்னுடைய சாடியைப் பார்க்கப் போனார். வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்நேரம் மீட்டர் அவருடைய நெஞ்சில் இருந்திருக்கும்.

நான் மெசினைக் கழுவத் தொடங்கினேன். கழுவுகிறதற்கு முன் என் கை வழக்கம்போலச் சுவரில் இருந்ததை எல்லாம் சுற்றியது. சுவிட்ச், போன், மீட்டர். இழுத்து, மடிப்பு விழாமல், நல்ல வடிவாகச் சுற்றினேன்.

எட்டு மணிக்கு மனேஜர் லூக் ஓடிவந்தான். கீழே பம்ப் அடைத்துவிட்டது, தண்ணீர் ஏறுகிறது, பத்து நிமிசத்தில் வெட்டை நிறுத்தவேண்டி வரும் என்று கத்தினான். அடைத்தது இறகாகத்தான் இருக்கும். பம்ப் அறை நிலத்துக்குக் கீழே, இரும்புப் படியால் இறங்கவேண்டும். மூன்று நாள் அசையாமல் கிடந்த தண்ணீர் அந்தக் குழாய்க்குள் புளித்துக்கொண்டிருந்தது. யோசெப் அண்ணன் அவசரப்படவில்லை. காற்றாடியைப் போட்டார், கையுறை மாட்டினார், மீட்டரைத் தா என்று என்னிடம் கை நீட்டினார்.

நான் பொலித்தீனைப் பிய்த்தேன். மேல் சுற்று வந்தது. அடியில் ஒரு சுற்று மீட்டரின் முகத்தோடு, அந்தத் துளைக்கு மேலே, ஒட்டியபடி கிடந்தது. கண்டேனா என்று கேளுங்கள். கண்டேன். மனேஜர் பக்கத்தில் நின்று கத்துகிறான், என் விரலெல்லாம் ஈரம், நகத்தில் அது பிடிபடவில்லை. ஒரு சுற்றுத்தானே, என்ன வந்துவிடப்போகிறது, இந்த மனிசனுக்கு எல்லாவற்றிலும் ஒரு பெரிய எடுப்பு என்று நினைத்தேன். அப்படியே கொடுத்தேன். மஞ்சள் பெட்டியில் சைபர் தெளிவாகத் தெரிந்தது. தடித்த கையுறையோடு அவர் அதை வாங்கி நெஞ்சில் கொளுவிக்கொண்டு இறங்கினார்.

நான் படிக்கு மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பின் மூடியில் ஆறு போல்ட். இரண்டு போல்ட் தளர்ந்ததுமே அந்த மீட்டர் அலறியிருக்கவேண்டும். அலறியிருந்தால் அவர் ஸ்பானரைப் போட்டுவிட்டு மேலே வந்திருப்பார், எத்தனையோ தரம் அப்படி வந்திருக்கிறார். அது சத்தமே போடவில்லை. மூன்றாவது போல்ட்டில் அவர் நிமிர்ந்து நெஞ்சைக் குனிந்து பார்த்தார். மீட்டரைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். உடனே முழங்கால் மடிந்து, முகம் அடிபட விழுந்தார்.

நான் இறங்கவில்லை. அவர் எனக்குச் சொன்ன நூறு விசயத்தில் நான் ஒழுங்காகக் கேட்டது அந்த ஒன்றைத்தான். ஆட்களைக் கூப்பிட்டேன். தீயணைப்புக்காரர் முகமூடி போட்டு இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டுவர இருபத்திரண்டு நிமிசம். மேலே கிடத்திச் சட்டையை வெட்டினார்கள். மீட்டர் கழன்று என் சப்பாத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. எல்லாரும் அவருடைய நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்க, நான் குனிந்து அதை எடுத்துப் பொக்கெற்றுக்குள் போட்டேன். உள்ளே போய், நகத்தால் கிள்ளிக் கிள்ளி அந்தக் கடைசிச் சுற்றை உரித்தேன். இந்தத் தரம் லேசாக வந்தது. மீட்டரைத் துடைத்துச் சார்ஜரில் மாட்டினேன். திரும்பினால் வாசலில் லூக் நிற்கிறான்.

அவன் என் கையில் இருந்த பொலித்தீனைப் பார்த்தான். சார்ஜரைப் பார்த்தான். அவசரம் அவசரம் என்று கத்தியது தான்தான் என்பதும் அவனுக்குத் தெரியும். யோசெப் மீட்டர் போடாமல்தான் போனார், என்ன, என்று பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டான். கேள்வி மாதிரித்தான் இருந்தது. ஓம் என்று தலையாட்டினேன். அவன் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். பொலித்தீனை உருட்டி வடிகாலுக்குள் போட்டேன்.

அரசாங்கத்திலிருந்து விபத்தை விசாரிக்க வந்த அம்மா நல்ல பொறுமைசாலி. திரும்பத் திரும்பக் கேட்டாள். மீட்டர் சுவரில் இருந்தது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அது பழைய மொடல், எதையும் பதிந்து வைக்காது. இவ்வளவு கவனமான ஆள் ஏன் அப்படிப் போனார் என்று அவள் கேட்டபோது, இவ்வளவு வருசமாகிவிட்டது, மூக்கை நம்பியிருப்பார் என்றேன். அந்த வசனம் அவளுடைய அறிக்கையில் ஏறியது. அங்கிருந்து பக்டரிக்குள் வந்தது, பக்டரியிலிருந்து சனத்தின் வாய்க்குப் போனது.

செத்தவீட்டில் எல்லாரும் வந்தார்கள். கதவோரம் இருத்தியவர்கள்தான் முன்வரிசையில் இருந்தார்கள். கோழிக் கக்கூசுக்குள்ள போய்ச் சாகவேணும் எண்டு தலையில எழுதியிருக்கு, என்று ஒருவர் என் காதுக்குள் சொன்னார். படிச்சவர் எண்டு சட்டம் போட்டு மாட்டினாரே, என்ன படிச்சவர், என்றார் இன்னொருவர். நான் வாயைத் திறக்கவில்லை. அவரைக் குளிப்பாட்டிச் சென்ற் அடித்துக் கோட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் போனபோது பூ வாசம்தான் வந்தது.

இரண்டு மாதத்தில் அவருடைய கதிரை எனக்கு வந்தது. சான்றிதழும் எடுத்தேன், ஒரே தரத்தில், ஏனென்றால் அவர் எனக்கு எல்லாவற்றையும் சொல்லித் தந்திருந்தார். சாடியில் சேறு படிகிறதைப் பார்க்கிறேன். நுரையின் நிறம் பார்க்கிறேன். தண்ணீர் தெளிவாகத்தான் போகிறது. புதிதாக வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறதும் நான்தான். சுவரில் யோசெப் அண்ணனின் படம் விழும், கீழே பிரெஞ்சில் பெரிய எழுத்தில் மூக்கை நம்பாதே என்று இருக்கும். இந்த மனிசன் பதினாறு வருசம் வேலை பார்த்தவர், ஒரு நாள் மீட்டரை மாட்டப் பஞ்சிப்பட்டார், செத்தார் என்று சொல்லுவேன். இதுவரை ஒன்பது வகுப்பு எடுத்துவிட்டேன். முதல் இரண்டிலும் குரல் நடுங்கியது. இப்போது நடுங்குவதில்லை.

முதலாம் ஆண்டுத் திருப்பலிக்கு யோகராணி அக்கா என்னைக் கூப்பிட்டாள். பூசை முடிந்து கோயிலுக்குக் கீழே மண்டபத்தில் தேத்தண்ணி, கட்லட். எனக்குக் கதவோரம், கோட்டு மாட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்தார்கள். இப்போது நான்தானே நாறுகிறேன். சனம் கொஞ்சம் குறைந்ததும் அவள் கட்லட் தட்டோடு வந்து எனக்கு எதிரே இருந்தாள். ஒரு வருசத்துக்குள் கிழவியாகிவிட்டாள். ஷெரோன் தூரத்தில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, உங்களிட்ட ஒண்டு கேக்கணும். நீங்கதானே கடைசியாக் கூட நிண்டது" என்றாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அந்த வெள்ளிக்கிழம நான்தான் அவரப் பேசினன். அந்தச் சாமான் வீட்டுக்கு வரக்கூடாதெண்டு. எங்கள நாற வைக்காதீங்க எண்டும் சொல்லிப்போட்டன். அதாலதானா தம்பி அவர் அதக் கொளுவாமப் போனவர்? எனக்கு நெஞ்சுக்க அதுதான் அறுக்குது. இல்லாட்டி அவர் அத விட்டுப்போட்டு இறங்கிற ஆளே இல்லயே."

உலகத்திலேயே அவள் ஒருத்திதான் அந்தக் கதையை நம்ப முடியாமல் இருந்தாள். ஒரு வருசமாக ஒவ்வொரு இரவும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நம்புகிறதற்கு ஒரே ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தாள். புருசனைப் பிழை சொல்லாமல், தன்னைப் பிழை சொல்லிவிட்டாள்.

இல்லை அக்கா, அவர் கொளுவிக்கொண்டுதான் போனார். இவ்வளவுதான். வாய்க்குள் வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி உடனே வரும்: அப்படியெண்டா அது ஏன் கத்தல்ல? அவள் கெட்டிக்காரி, கேட்காமல் விடமாட்டாள். என் கதிரை, என் சான்றிதழ், பியர்பொன்ட்ஸில் நாங்கள் புதிதாகப் போன வீடு, என் பிள்ளைகள், எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் நின்றன. அவளைப் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்தும் சொன்னேன்.

"ஓம் அக்கா. அதாலதான் இரிக்கும். அண்டைக்கு அவருக்கு மனம் சரியில்ல."

அவள் அழவில்லை. தலையை மட்டும் இரண்டு மூன்று தரம் ஆட்டினாள். நான் நினைச்சதுதான், என்றாள். பிறகு மகள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மேசைக்கு மேலால் என் கையைப் பிடித்தாள். நாறுகிற கையை அவள் விடவில்லை.

"தம்பி, இத ஷெரோனிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அவளுக்கு வச்ச சாமத்தியவீட்டாலதான் அப்பா செத்தாரெண்டு அவள் நினச்சிருவாள். என்னயும் மன்னிக்கமாட்டாள். உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சதா இருக்கட்டும்."

சொல்லமாட்டேன் என்றேன். சத்தியமா, என்று கேட்டாள். சத்தியமா என்றேன். உங்கட மனசுக்கு நீங்க நல்லா இரிக்கணும் தம்பி, அவரும் உங்களப் பற்றி எப்பவும் நல்லாத்தான் சொல்லுவார் என்று சொல்லி, என் தட்டில் இன்னொரு கட்லட் எடுத்து வைத்தாள். நான் அதைச் சாப்பிட்டேன்.